தளவானூர் அணைக்குக் கணக்கு கேட்போம், தோழர்களே!

இரும்புலியூரில் குடியிருக்கும் தென்பெண்ணைக் கரைக்காரர்களே! தாம்பரம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, முடிச்சூர், வண்டலூர் என்று சிதறிக் கிடக்கும் விழுப்புரம், கடலூர் மாவட்டத்து உழைப்பாளிகளே! கொத்தனாரே, சித்தாளே, கம்பி கட்டுபவரே, சென்ட்ரிங் தோழரே, இரவுக் காவலாளியே, ஆட்டோ ஓட்டுநரே! இதைப் படியுங்கள். படித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

நம் ஆற்றில் ஓர் அணை உடைந்தது. நம் பணத்தில் கட்டிய அணை. அதை மறுபடி கட்டும் பேச்சு எழுந்திருக்கிறது. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது, எவ்வளவு செலவு, பணம் எங்கிருந்து, யார் கையில்? நம்மை ஒரு வார்த்தை கேட்காமலே எல்லாம் முடிவாகும். விட்டால் அப்படித்தான் முடிவாகும்.

விடக் கூடாது தோழர்களே. இந்த முறை விடவே கூடாது.

நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் பக்கம் தளவானூர். கடலூர் பக்கம் ஏனாதிரிமங்கலம். நடுவே தென்பெண்ணை. அங்கே 25 கோடியே 35 லட்சம் ரூபாயில் தடுப்பணை எழுந்தது. 2020-இல் திறப்பு விழா நடந்தது. மழை பெய்தது. தண்ணீர் நின்றது. இனி கிணறு ஊறும் என்று நம்பினோம். இனி போர் இன்னும் ஆழம் போட வேண்டாம் என்று நம்பினோம். கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் கைவிடாது என்று நம்பினோம்.

2021 ஜனவரி 23. ஏனாதிரிமங்கலம் பக்கத்துச் சுவரும் கரையும் பிய்த்துக்கொண்டு போயின. தேங்கிய நீர் கடலுக்கு ஓடியது. திறந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

அதே ஆண்டு நவம்பர். வடகிழக்குப் பருவமழை. ஆறு பெருகியது. இந்த முறை தளவானூர் பக்கத்துக் கரையை அரித்தது. வெள்ளம் ஊரைப் பார்த்துத் திரும்பியது. ஊரைக் காப்பாற்ற அணையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். நம் பணத்தில் கட்டியதை நம் பணத்தில் வெடி வாங்கித் தகர்த்தார்கள்.

பொறியாளர்களைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். தலைவர்கள் வந்தார்கள். பார்த்தார்கள். பேசினார்கள். போனார்கள்.

அணை ஏன் உடைந்தது என்று விளக்கும் அறிக்கை உங்கள் ஊர்ச் சாவடியில் படிக்கப்பட்டதா? உங்கள் கிராம சபையில் வைக்கப்பட்டதா? உங்கள் வீட்டில் யாராவது அதைக் கண்ணால் பார்த்தார்களா?

கேளுங்கள் தோழர்களே. 25 கோடியே 35 லட்சம் என்றால் எவ்வளவு? ஒரு நாள் கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2,53,500 நாள் கூலி அது. வருடத்துக்கு 300 நாள் வேலை கிடைத்தால், ஓர் ஆள் 845 ஆண்டு உழைக்க வேண்டும். 845 ஆண்டு! அவ்வளவு உழைப்பும் ஒரே ஆண்டில் ஆற்றோடு போனது. நாம் வாய் திறந்தோமா?

திறக்கவில்லை. ஜிஎஸ்டி சாலை ஓரம் விடியற்காலையில் வேலைக்காகக் காத்து நிற்கும்போது செய்தியைக் கைபேசியில் பார்த்தோம். "ஊர்ல அணை போச்சாம்" என்றோம். மேஸ்திரி கூப்பிட்டார். வண்டியில் ஏறிவிட்டோம்.

இனி ஏறிப் போய்விட முடியாது. ஏன் தெரியுமா? மறுபடி கட்டும் வேளையில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. உடைந்த பிறகு அழலாம், கட்டி முடித்த பிறகு திட்டலாம், அவற்றால் ஒரு செங்கல்லும் நகராது. மதிப்பீடு எழுதும்போது கேட்டால் மட்டுமே மாற்ற முடியும். மண் பரிசோதிக்கும்போது கேட்டால் மட்டுமே மாற்ற முடியும். ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் கேட்டால் மட்டுமே மாற்ற முடியும்.

இது ஒரே ஓர் அணையின் கதை என்று நினைக்காதீர்கள். இதே தென்பெண்ணையில் எண்ணிப் பாருங்கள். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையின் மதகு உடைந்தது. 2021 ஜனவரியில் தளவானூர் உடைந்தது. 2021 நவம்பரில் மறுபடி தளவானூர். அதே வெள்ளத்தில் எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு.

எல்லீஸ்சத்திரத்தை மறக்க முடியுமா? 1949-50-இல் கட்டியது. ஆழங்கால் வாய்க்காலுக்கும் மரகதபுரம் வாய்க்காலுக்கும் தலை அதுதான். நம் பாட்டன் காலத்திலிருந்து ஏரிகளை நிரப்பியது. எழுபது ஆண்டு நின்ற அணைக்கட்டு அந்த நவம்பரில் போனது. அதை 86 கோடியே 25 லட்சம் ரூபாயில் புதிதாகக் கட்டினார்கள். கட்டியது நல்லது. வரவேற்கிறோம். ஆனால் எப்போது திறந்தார்கள்? 2025-இல். 2021-இல் உடைந்தது, 2025-இல் திறந்தது. நடுவில் எத்தனை போகம்? அந்தப் போகங்களுக்கு யார் பதில்? அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் கழனியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இந்தப் பக்கம் ரயில் ஏறினார்கள்? உங்கள் தெருவில் கேளுங்கள். உங்கள் அறையில் உங்களோடு படுத்திருப்பவரைக் கேளுங்கள்.

அணை உடைந்தால் ஊர் காலியாகும். ஊர் காலியானால் இரும்புலியூரில் ஓர் அறையில் ஆறு பேர் படுப்போம். இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் தோழர்களே!

இப்போது உடைப்புக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இது நம் தொழில்.

தென்பெண்ணை மணலாறு. மணலாற்றில் அணை பெரும்பாலும் நடுவில் உடைவதில்லை. ஓரத்தில் உடையும். அடியில் உடையும். தேங்கிய நீருக்கு வழி வேண்டும். சுவர் உறுதியாக இருந்தால் சுவருக்கு அடியில் மணலைத் தேடும். அடியும் ஆழமாக இருந்தால் பக்கத்துக் கரையைத் தேடும். ஒரு விரல் அளவு கசிவு போதும். அது மணலை எடுத்துக்கொண்டு ஓடும். துளை பெரிதாகும். பிறகு மண் முழுதும் ஓடும். மேலே கான்கிரீட் அப்படியே நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது.

தளவானூரில் இரண்டு முறையும் எங்கே அடித்தது? முதலில் அந்தக் கரை. பிறகு இந்தக் கரை. இரண்டும் ஓரம்! அப்படியானால் பக்கச்சுவர் கரைக்குள் எவ்வளவு தூரம் போனது? அடித்தடுப்புச் சுவர் மணலுக்குள் எத்தனை மீட்டர் இறங்கியது? வரைபடத்தில் எவ்வளவு? தரையில் எவ்வளவு? இந்த நான்கு கேள்விக்கும் விடை காகிதத்தில் இருக்கிறது. அளவுப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் நம்முடையது.

தோழர்களே, இந்தக் கேள்வியைக் கேட்க உங்களைவிடத் தகுதியானவர் யார்? ஓஎம்ஆர் சாலையின் கோபுரங்களுக்கு அடித்தளம் தோண்டியவர் நீங்கள். மேம்பாலத்துக்குக் கம்பி கட்டியவர் நீங்கள். கலவையில் சிமெண்ட் குறைந்தால் கையில் எடுத்ததுமே சொல்வீர்கள். கான்கிரீட் போட்ட பிறகு எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டணத்து அடுக்குமாடிக்கு இந்த அறிவைக் கொடுத்தோம். நம் ஆற்றுக்கு எப்போது கொடுக்கப் போகிறோம்?

இன்னொன்று. மணல். ஆற்றின் அடி மணலை அள்ளினால் ஆற்றுப் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் அணையின் கால் வெளியே வரும். ஏனாதிரிமங்கலத்து மக்கள் மணல் குவாரி வேண்டாம் என்று தெருவில் இறங்கினார்கள். ஏன் இறங்கினார்கள் என்று இப்போது புரிகிறதா? ஒரு கையால் அணை கட்டிக்கொண்டு மறு கையால் அதன் காலடியைத் தோண்டுவதை நாம் ஏற்க முடியாது. புதிய அணை என்றால், அதன் மேலேயும் கீழேயும் மணல் அள்ளத் தடை என்று திட்ட அறிக்கையிலேயே எழுத வேண்டும். எழுதாத திட்டம் நமக்கு வேண்டாம்.

2024 டிசம்பரை நினைவுபடுத்துகிறேன். ஃபெஞ்சல் புயல். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரை புரண்டது. அரகண்டநல்லூரில் வீடுகளுக்குள் ஆறு நுழைந்தது. மலட்டாறு பொங்கி அரசூரில் நம் நெடுஞ்சாலையையே அடைத்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தடியில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. அன்று நாம் இங்கே, வீட்டார் அங்கே. போனும் எடுக்கவில்லை. பேருந்தும் இல்லை. எத்தனை பேர் தாம்பரம் நிலையத்தில் நின்று தவித்தோம்!

புதிய தளவானூர் அணை எந்த வெள்ளத்தைக் கணக்கில் கொண்டு வரையப்படுகிறது? பழைய கணக்கா? 2024 டிசம்பர் கணக்கா? அந்த டிசம்பர் வெள்ளத்தைத் தாங்காத அணை நமக்கு எதற்கு? கேளுங்கள். அதிகாரியைப் பார்த்துக் கேளுங்கள். எண் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்து, பணம்.

பணம் அரசுடையது என்பார்கள். நம்பாதீர்கள். நீங்கள் வாங்கும் சோப்பில் வரி இருக்கிறது. தைலத்தில் வரி இருக்கிறது. ஒரு மூட்டை சிமெண்டில் வரி இருக்கிறது. நபார்டு வங்கிக் கடனில் கட்டினாலும், உலக வங்கிக் கடனில் கட்டினாலும், அதை வட்டியோடு அடைப்பது மாநிலத்தின் வரவு. அந்த வரவு நாம். கடனை அடைக்கப் போவது நம் பிள்ளைகள். ஆகவே கடன் பத்திரத்தைப் பார்க்கும் உரிமை நமக்கு உண்டு. என்ன வட்டி? என்ன நிபந்தனை? தண்ணீருக்கு விலை வைக்கச் சொல்கிறதா? பராமரிப்பை விவசாயி தலையில் கட்டச் சொல்கிறதா? நிபந்தனையைத் தமிழில் எழுதி ஊரில் ஒட்டுங்கள் என்போம்!

உடைத்தவரிடமிருந்து வசூல் செய்யுங்கள் என்போம். கட்டிய வேலைக்குக் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் உண்டு. அந்தக் காலத்துக்குள் விழுந்தால் சொந்தச் செலவில் சரி செய்ய வேண்டியவர் ஒப்பந்ததாரர். ஆறே மாதத்தில் விழுந்த அணைக்கு அந்த விதி என்ன ஆனது? நாம் கட்டிய பூச்சில் ஒரு விரிசல் விழுந்தால் நம் கூலியைப் பிடிக்கிறார்களே! ஒரு நாள் கூலியைப் பிடிக்கத் தெரிந்த நாட்டுக்கு 25 கோடியைப் பிடிக்கத் தெரியாதா?

ஒரே மூச்சில் பணத்தை அள்ளிக் கொடுக்காதீர்கள் என்போம். அடித்தளம் முடிந்ததும் சோதனை. சோதித்த பிறகு ஒரு தவணை. பக்கச்சுவர் முடிந்ததும் சோதனை. பிறகு அடுத்த தவணை. சோதிப்பவர் கட்டுபவரின் ஆளாக இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வர வேண்டும். ஊர் மக்கள் முன்னிலையில் துளையிட்டுப் பார்க்க வேண்டும்.

பராமரிப்புப் பணத்தை முதலிலேயே ஒதுக்குங்கள் என்போம். ஷட்டருக்கு மசகு போட, கரையில் முளைத்த மரத்தை வெட்ட, மழைக்கு முன் ஒரு பார்வை பார்க்க எவ்வளவு ஆகும்? கட்டும் செலவில் ஒரு துளி. அந்தத் துளியை ஒதுக்காததால்தான் கோடிகள் போகின்றன.

வாய்க்காலையும் சேருங்கள் என்போம். தண்ணீர் ஏரிக்குப் போகாவிட்டால் அணையில் யாருக்குப் பயன்? தூர்ந்த வாய்க்காலைத் தோண்டாமல் அணைக்கு மட்டும் நிதி என்றால் அது பாதித் திட்டம். பாதித் திட்டத்துக்கு முழுக் கடன் வாங்க விடோம்.

வேலைக்காலம் என்று ஒன்று இருக்கிறது, மறக்காதீர்கள். அக்டோபரில் மழை இறங்கிவிடும். ஆற்றுக்குள் இறங்கி வேலை செய்யக் கிடைப்பது தை தொடங்கி ஆவணி, புரட்டாசி வரைதான். ஒரு கோப்பு ஒரு மேசையில் மூன்று மாதம் தூங்கினால், நம் கழனியில் ஓர் ஆண்டு போகும். ஆகவே "பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். தேதி வாங்குங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 2021-இல் நாடாளுமன்றம் அணைப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகளுக்கு அது. 10 முதல் 15 மீட்டருக்குள் என்றால் சில நிபந்தனைகளோடு. நம் தடுப்பணைகள் அந்த உயரத்துக்கு எங்கே வரும்? சட்டத்தின் கண்ணில் படாத அணைகள் இவை. அப்படியானால் காவல் யார்? நாம். நம்மைத் தவிர வேறு யாரும் இல்லை.

திருச்சி முக்கொம்பைப் பாருங்கள். 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் காட்டன் கட்டிய கொள்ளிடம் மேலணை. 182 ஆண்டு நின்றது. 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின. டெல்டா பதறியது. இரண்டே நாளில் முதலமைச்சர் வந்து நின்று புதுக் கதவணை அறிவித்தார். 387 கோடியே 60 லட்சம் ரூபாயில் புதுக் கதவணை வந்தது. டெல்டாவின் குரல் கோட்டை வரை கேட்கும். ஏன் கேட்கிறது? அங்கே சங்கம் இருக்கிறது. பரம்பரையாகக் கத்துகிறார்கள். சாலையில் உட்காருகிறார்கள். தென்பெண்ணைக் கரையின் குரல் ஏன் கேட்கவில்லை? நம்மில் பாதிப் பேர் இங்கே சாரத்தின் மேல் நிற்கிறோம். குரல் கொடுக்க வேண்டியவர்கள் ஊரில் இல்லை. அதனால்தான் இரும்புலியூரிலிருந்து கூப்பிடுகிறேன்!

கந்தளாயைக் கேளுங்கள். ஈழத்தில், திருகோணமலை மாவட்டத்தில், மன்னர் காலத்துக் குளம். 1986 ஏப்ரல் 20 விடியும் முன் அணைக்கட்டு உடைந்தது. நூறு பேருக்கு மேல் தூக்கத்திலேயே போனார்கள். வயல்கள் போயின. குளத்தை மறுபடி கட்டினார்கள். செத்தவர்களை எந்த மதிப்பீட்டில் எழுதுவது?

லிபியாவின் டெர்னாவைக் கேளுங்கள். நகரத்துக்கு மேலே இரண்டு அணைகள். விரிசல் இருப்பது 1990-களிலேயே தெரியும். பழுது பார்க்க ஒப்பந்தம் போட்டார்கள். வேலை தொடங்கி நின்றது. அதன் பிறகும் பணம் ஒதுக்கினார்கள். ஒதுக்கிய பணத்தில் வேலை நடக்கவில்லை என்று அந்த நாட்டுத் தணிக்கை அறிக்கையே 2021-இல் எழுதியது. 2023 செப்டம்பரில் புயல் வந்தது. இரண்டு அணையும் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். பணம் ஒதுக்கியாகிவிட்டது என்ற செய்தியைக் கேட்டு மகிழ்ந்து வீட்டுக்குப் போகாதீர்கள் தோழர்களே. ஒதுக்கிய பணம் கான்கிரீட்டாக மாறுகிறதா என்று நின்று பாருங்கள்.

கணக்குக் கேட்பது நமக்குப் புதிதா? இங்கிருந்து சற்றுத் தூரத்தில், நம் செங்கல்பட்டுக்கு அப்பால், உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் அமைத்தார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மறுபடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்று வெட்டினார்கள். அவருடைய நெருங்கிய உறவினரையும் கூடாது என்று வெட்டினார்கள். அந்தச் சபையில் நம்மைப் போன்ற உழைப்பாளிக்கு இடம் இருந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது. ஆனாலும் பாருங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் கணக்குக் காட்டாதவனுக்கு ஏரிப்பக்கம் இடம் இல்லை. இன்று கணக்குக் காட்டாதவர் அடுத்த ஒப்பந்தப்புள்ளிக்கு வரலாமா? வர விடுவோமா?

இங்கேயே சுற்றிப் பாருங்கள். இரும்புலியூர் ஏரி கழனிக்குப் பாய்ந்த ஏரி. அதன் ஆயக்கட்டு இன்று மனையாக, மாடியாக நிற்கிறது. தண்ணீர் போகும் வழியை ஒவ்வொன்றாக அடைத்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டு இருந்தது. 2015-இல் அடையாறு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. படகில் ஆட்களை எடுத்தார்கள். நம்மில் பலர் அந்தத் தண்ணீரில் கழுத்தளவு நின்றவர்கள். பேசாமல் இருந்ததன் விலை என்னவென்று நாம் உடம்பால் அறிந்தவர்கள். ஊரில் கழனி வறண்டு கிடக்கிறது, இங்கே வீட்டுக்குள் வெள்ளம். இரண்டு இடத்திலும் அடிபடுவது அதே ஆள். நீங்கள்தான். நான்தான்.

இன்னும் என்ன தயக்கம்?

"ஒரு நாள் வேலையை விட்டால் கூலி போகும்." போகும். உண்மை. 845 ஆண்டுக் கூலி போனதே, அதை நினையுங்கள்.

"நாம் சொன்னால் யார் கேட்பார்கள்?" ஒருவர் சொன்னால் கேட்க மாட்டார்கள். நூறு பேர் ஒரே கேள்வியை எழுதிக் கையெழுத்துப் போட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அது அந்தக் கட்சி கட்டியது, இது இந்தக் கட்சி கட்டுவது." அணைக்குக் கட்சி கிடையாது. அந்தக் கட்சித் தோழரும் வரட்டும். இந்தக் கட்சித் தோழரும் வரட்டும். கொடியை வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.

"ஊரில் பகை வரும்." வரும். ஒப்பந்தம் எடுப்பவர் நம் ஊர்க்காரராகவே இருக்கலாம். சொந்தக்காரராகவும் இருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டால், அடுத்த நவம்பரில் நம் பிள்ளைகளின் முகத்தை எப்படிப் பார்ப்போம்? தோழரே, இந்த ஓர் இடத்தில்தான் நம் துணிவு சோதிக்கப்படுகிறது. அதிகாரியை எதிர்ப்பது எளிது. தெரிந்தவரை எதிர்ப்பதுதான் கடினம். அதையும் செய்வோம். சேர்ந்து செய்வோம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதுங்கள். 10 ரூபாய் கட்டணம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். தளவானூர் அணையின் பழைய மதிப்பீடு, அளவுப் புத்தகம், தரச் சோதனை அறிக்கை, உடைப்பு குறித்த விசாரணை அறிக்கை, புதிய அணைக்கான மண் பரிசோதனை, திட்ட அறிக்கை, நிதி எங்கிருந்து என்ற ஆணை. எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். அந்தச் சட்டம் இன்னொரு உரிமையும் தருகிறது. வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடலாம். கட்டுமானப் பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கலாம். கேட்டீர்களா கொத்தனார்களே? கலவையின் மாதிரியைக் கையில் வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு! இத்தனை ஆண்டு அடுத்தவர் வீட்டுக் கலவையைத் தொட்டுப் பார்த்த கை, இனி நம் அணையின் கலவையைத் தொட்டுப் பார்க்கட்டும்.

கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் ஓட்டு இருந்தால் சபையில் இடம் உண்டு. நம்மில் பெரும்பாலோர் ஓட்டை ஊரில்தானே வைத்திருக்கிறோம்! பொங்கலுக்கும் தேர்தலுக்கும் கிளாம்பாக்கத்தில் முண்டியடித்துப் பேருந்து ஏறுகிறோம். கிராம சபைக்கும் ஏறுவோம். இரண்டு கரையிலும் ஒரே நாளில் ஒரே தீர்மானம் வைப்போம். தளவானூரிலும் வைப்போம், ஏனாதிரிமங்கலத்திலும் வைப்போம். கரைக்கு ஒரு மாவட்டம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். விழுப்புரத்துக்காரர் கடலூர் என்பார், கடலூர்க்காரர் விழுப்புரம் என்பார். இடையில் கேள்வி செத்துவிடும். சாகவிடாதீர்கள். ஒரே வாசகம். இரண்டு கையெழுத்துப் பட்டியல்.

பெண்களை முன்னே நிறுத்துங்கள். நாம் இங்கே வந்த பிறகு கழனியைப் பார்ப்பவர்கள் அவர்கள். வாய்க்காலில் நீர் எந்த நாள் வந்தது, எந்த நாள் நின்றது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். மனு அவர்கள் பெயரில் போகட்டும். கூட்டத்தில் முதல் பேச்சு அவர்களுடையதாக இருக்கட்டும்.

பட்டதாரிப் பிள்ளைகளே, உங்களையும் விடமாட்டேன். பொறியியல் படித்துவிட்டு இங்கே உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டியில் சுற்றுகிறீர்கள். சிவில் படித்தவர்கள் உங்களில் எத்தனை பேர்! திட்ட அறிக்கை கைக்கு வந்ததும் அதைப் படித்து எங்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. யார் என்ன விலை சொன்னார், யாருக்கு ஏன் கிடைத்தது என்று தேடி எடுக்க வேண்டியவர்கள் நீங்கள். உங்கள் படிப்புக்கு ஊர் கடன் வாங்கியது. ஊருக்கு அந்தப் படிப்பைக் கொண்டு வாருங்கள்.

காத்திருக்காதீர்கள். அடுத்த மழை காத்திருக்காது. மதிப்பீடு எழுதும் பேனா காத்திருக்காது. கடன் பத்திரத்தில் கையெழுத்து விழுந்த பிறகு வந்து கேட்டால், "முடிந்துவிட்டது" என்பார்கள். முடிவதற்குள் போவோம்!

வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இரும்புலியூர் ஏரிக்கரையில் கூடுவோம். தளவானூர், ஏனாதிரிமங்கலம், கப்பூர், மரகதபுரம், கண்டம்பாக்கம், எந்த ஊராக இருந்தாலும் வாருங்கள். திருவண்ணாமலைக்காரரும் வாருங்கள், டெல்டாக்காரரும் வாருங்கள், உங்கள் ஊரில் உடைந்த மதகின் பெயரோடு வாருங்கள். சிட்டா நகல் இருந்தால் எடுத்து வாருங்கள். வாக்காளர் அட்டை எடுத்து வாருங்கள். 2021-இல் அணை உடைந்தபோது எடுத்த படம் கைபேசியில் இருந்தால் அழிக்காமல் கொண்டு வாருங்கள். எழுதத் தெரிந்தவர்கள் நான்கு மணிக்கே வந்துவிடுங்கள், மனு எழுத ஆள் வேண்டும். ஆளுக்குப் பத்து ரூபாய் கொண்டு வாருங்கள், அன்றைக்கே மனுக்களை எழுதி முடிப்போம், திங்கள் காலை வேலைக்குப் போகும் வழியில் அஞ்சலில் சேர்ப்போம்.